முற்றத்தின் மேல் நின்ற ஹெலிகாப்டர்

அந்த வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். இளைய மருமகள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவள் செய்த வேலைக்கோ ஒரு பெயரும் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள், "சின்னவ என்ன பண்றா?" என்று கேட்டால் மாமியார் சட்டென்று சொல்லிவிடுவாள்: "கம்ப்யூட்டர்ல ஏதோ பொம்மை செய்யறா. பொழுது போகணுமில்ல?"

அந்தப் பொம்மைகளில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

கணவனின் அண்ணன் நடத்திய கம்பெனி அது. அவரை எல்லாரும் பெரியவர் என்பார்கள். ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நிலையங்களில், வந்தவர்களை எடுத்த எடுப்பிலேயே வானத்தில் ஏற்றிவிட மாட்டார்கள். சிமுலேட்டர் என்ற பொய்க் கூண்டுக்குள் உட்கார வைப்பார்கள். நாற்காலி, கைப்பிடி, மிதி எல்லாம் நிஜம். கண்ணாடிக்கு வெளியே தெரியும் உலகம் மட்டும் திரையில் ஓடும் படம். கடையில் வாங்கும் சிமுலேட்டரில் உலகத்துப் பெரிய நகரங்கள் எல்லாம் இருக்கும். இவர்கள் போய் இறங்க வேண்டிய ஆஸ்பத்திரி இருக்காது. ஸ்ட்ரெச்சர் பொருத்திய இவர்களுடைய ஹெலிகாப்டர் இருக்காது. அவற்றைக் கேட்டபடி செய்து கொடுப்பதுதான் கம்பெனி. கம்பெனி என்றால் மாடியில் பெரியவரின் மேஜை, வெளியே அலையும் வேலைக்கு அவர் தம்பி, கீழே பின்பக்க அறையில் சின்னவள்.

கட்டடத்தை வரைவது பாதி வேலைதான். கம்ப்யூட்டருக்குச் சுவர் என்றால் என்னவென்று தெரியாது. நாம் பார்க்கும் சுவர் அதற்கு வெறும் சாயம். ஹெலிகாப்டர் அதற்குள் புகுந்து, கனவில் நடப்பதுபோல மறுபக்கம் வெளியே வந்துவிடும். ஆகவே, 'இங்கிருந்து இதுவரை கெட்டி, இடித்தால் விபத்து' என்று தனியாக அளவு கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளை அடுக்கிக் கட்டடத்தின் உடம்புக்குள் பொருத்துவார்கள். மோதல் பெட்டி என்று பெயர். பெட்டி சிறுத்தால் ஹெலிகாப்டரின் விசிறி சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். கற்பவனுக்குப் பயம் விட்டுப்போகும். பெருத்தால், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒருவன் இடித்துச் சாவான்.

இந்த அளவு விஷயத்தில் சின்னவள் பிடிவாதக்காரி. மரத்துக்கு ஒரே பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போக அவளுக்கு மனம் வராது. "தண்டுல மோதினா சாவு. நுனிக் கிளையில உரசினா எச்சரிக்கை மணி போதும்" என்று தனக்குத்தானே வாதாடித் தண்டுக்கு ஒன்று, கிளைக்கொத்துக்கு ஒன்று என்று வைப்பாள். கொடிக்கம்பத்துக்கு ஒல்லியாய் ஒன்று. தண்ணீர்த் தொட்டியின் நான்கு கால்களுக்கு நடுவில் இருக்கும் காலியிடத்தைக் காலியாகவே விட்டுவைப்பாள். 'அதுக்குள்ள எவன் பறக்கப் போறான்?' என்பார் பெரியவர். 'பறக்கலேன்னாலும் அங்க காத்துதானே இருக்கு?' என்பாள் இவள்.

கல்லூரியில் இயந்திரவியல் படித்தவள். கல்யாணம் பேசியபோது, "எங்க கம்பெனியிலேயே வேலை பாக்கலாமே" என்று பெரியவர் சொன்னதைக் கேட்டு அவள் அப்பா குளிர்ந்துபோனார். வெளியே போய் அலைய வேண்டாம், பாருங்கள்! பெண்ணுக்குப் பாதுகாப்பு என்ற சொல்லை எவர் கண்டுபிடித்தாரோ, அதற்குத் தாழ்ப்பாளை வெளிப்பக்கமாக வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

அவள் அறை முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்ட இடம். ஒரே ஜன்னல், அதை மறைத்து ஓர் இரும்பு அலமாரி, அதில் உயிர்விட்ட பழைய கம்ப்யூட்டர் திரைகள். இணையம் இல்லை. "வைரஸ் வந்துடும்மா" என்று பெரியவர் இணைப்பைப் பிடுங்கியிருந்தார். வேலை முடிந்தால் பென் டிரைவில் போட்டு மாடிக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அவள் போன், மாமியாரின் போன் உடைந்த அன்று 'ரெண்டு நாளைக்கு' என்று போனது போனதுதான். "நீ வீட்லதானே இருக்கே, உனக்கு யாரு பேசப் போறா?" என்று மாமியார் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

யாரும் அவளை அடிக்கவில்லை. பட்டினி போடவில்லை. வெளியே போகாதே என்று ஒருவர்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் அன்பாகவும் இருந்தது. அன்பை எதிர்த்துச் சண்டை போடுவது எப்படி என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

பயிற்சி நிலையத்திலிருந்து அவ்வப்போது தேர்வுப் பதிவுகள் வரும். எங்காவது படம் உடைகிறதா, நிழல் தப்பாக விழுகிறதா என்று பார்த்துச் சொல்வதும் அவள் வேலை. அப்படி வந்த ஒரு பதிவை ஒரு காலையில் ஓடவிட்டாள்.

அவள் செய்த ஆஸ்பத்திரிதான். 'ப' வடிவக் கட்டடம். மூன்று பக்கமும் மூன்று மாடி, நடுவில் முற்றம், முற்றத்தில் ஹெலிகாப்டர் இறங்குவதற்கு வெள்ளை வட்டம். திரையில் ஹெலிகாப்டர் வட்டத்துக்கு நேர் மேலே வந்து நின்றது. அசங்காமல், ஆடாமல், நூல் பிடித்தாற்போல் இறங்கத் தொடங்கியது. ஓட்டுகிறவருக்கு நல்ல கை என்று சின்னவள் நினைத்த அதே நொடியில் திரை சிவந்தது. 'மோதல்' என்று எழுத்து வந்தது. சுற்றிலும் எதுவும் இல்லை. நிலம் இன்னும் மூன்று மாடி கீழே.

பதிவில் குரல்களும் இருந்தன.

"என்னம்மா இது? ரெண்டாவது தடவை!" கட்டைக் குரல். கேப்டன் என்று எல்லாரும் கூப்பிடும் தலைமைப் பயிற்சியாளர் அவர்.

"சார், அங்க ஒண்ணுமே இல்ல சார்." ஒரு பெண் குரல்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நானே நிஜத்துல அந்த முற்றத்துல இறங்கியிருக்கேன். நர்ஸ் வேலை வேற, இது வேற. ஊசி போடற கை இதுக்கு ஒத்து வரலை போல. வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பாக்கலாம். அதுலயும் இடிச்சா, பழைய ஆஸ்பத்திரிக்கே போயிடு."

ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டருக்கென்று சேர்ந்திருந்தது அந்த நர்ஸ் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் எண்ணெய்க் கிணற்றுக்கும் மருந்து தெளிப்புக்கும் போகிறவர்கள். அவர்களுக்கு வேறு இடங்களில் தேர்வு. ஆகவே முற்றத்தில் செத்ததும் அவள் ஒருத்திதான்.

அதே பென் டிரைவில் பெரியவர் கடைசியாக மாடியில் கைவைத்த பிரதி இருந்தது. சின்னவள் அதைத் திறந்து மோதல் பெட்டிகளைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தாள். அவள் வைத்திருந்தவை முப்பத்தேழு. சுவர் சுவராக, மாடி மாடியாக, கூரைமேல் லிஃப்ட் அறை வரைக்கும். இப்போது ஒன்றே ஒன்று இருந்தது. மொத்தக் கட்டடத்தையும் முற்றத்தோடு சேர்த்து விழுங்கிய ஒரு பெரிய பெட்டி. லிஃப்ட் அறையின் உச்சிதான் அதன் உயரம். முற்றத்தின் காற்று முழுவதும் கருங்கல்லாகக் கிடந்தது.

அவள் படியேறி மாடிக்குப் போனாள்.

"அத்தான், ஆஸ்பத்திரியில நான் வச்ச பெட்டியெல்லாம் எங்க?"

பெரியவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தப் பெட்டி?"

"முப்பத்தேழு இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் இருக்கு."

"ஓ, அதுவா. அவங்க கம்ப்யூட்டர் கிழடும்மா. உன் முப்பத்தேழையும் தூக்கிக்கிட்டு ஓட மாட்டேங்குது. படம் விக்கி விக்கி வருது. பதினொண்ணுக்குள்ள கையில குடுத்தாகணும், அதுக்கு மேல நேரம் சரியில்லைன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. நான் என்ன பண்ண? எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டேன். ஜம்முனு ஓடுச்சு."

"முற்றம் மூடிப்போச்சு அத்தான்."

"தெரியும்," என்றார் பெரியவர்.

தெரியாமல் செய்திருந்தால் அவள் அவருக்கு விளக்கியிருப்பாள். தெரிந்தே செய்தவருக்கு எதை விளக்குவது? நேரம் சரியில்லையாம்! வானத்துக் கோள்களெல்லாம் தங்கள் தங்கள் பாதையில் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தன; அவற்றுக்கு இந்த ஆஸ்பத்திரியையும் தெரியாது, பதினோரு மணியையும் தெரியாது. நல்ல நேரம் பார்த்துக் கெட்ட சாமானைக் கொடுத்துவிட்டு வந்தவர் நிம்மதியாக இருந்தார். அந்த நல்ல நேரத்தில் மாட்டிக்கொண்டவள் ஒரு நர்ஸ்.

"அந்தப் பொண்ணை நீக்கப் போறாங்க அத்தான். வெள்ளிக்கிழமைதான் கடைசி."

"வேற பொண்ணு வரும். ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரத்துல, 'நாங்க குடுத்தது கோளாறு'ன்னு நானே போய்ச் சொல்லணுமா? தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்க நான் என்ன யானையா? கையெழுத்தாகட்டும். அடுத்த மாசம் சத்தம் போடாம மாத்திடலாம்."

"அடுத்த மாசம் அவ அங்க இருக்க மாட்டா."

"நீ ஏம்மா ஊர்க்கவலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கறே? முகமே வாடிப்போச்சு பாரு. போய்ப் படு."

அவள் போய்ப் படுக்கவில்லை. கிழட்டு கம்ப்யூட்டர் தாங்கும்படி யோசித்தாள். 'ப'வின் மூன்று கைகளுக்கு மூன்று பெட்டி, லிஃப்ட் அறைக்கு ஒன்று. நான்கே போதும், படமும் விக்காது, முற்றமும் திறந்திருக்கும். ஒன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருந்தது கால்மணி நேர வேலை. அந்தக் கால்மணியைத்தான் ஜோசியர் தரவில்லை.

மறுநாள் காலை, கணவன் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது பென் டிரைவை நீட்டினாள்.

"என்னங்க, நீங்க இன்னைக்குப் பயிற்சி நிலையம் பக்கம் போறீங்கதானே? இதைக் கேப்டன் கையில குடுத்துடுங்க."

"என்னது இது?"

"ஆஸ்பத்திரி. சரி பண்ணியிருக்கேன்."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு…"

"அண்ணன்கிட்ட சொல்லாம."

நெருப்புத் துண்டை வாங்குவதுபோல் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மத்தியானம் பெரியவரே கீழே இறங்கி வந்தார். அவள் விசைப்பலகையின் மேல் பென் டிரைவை அலுங்காமல் வைத்தார்.

"இது உன்னுதான்னு பாரும்மா. தம்பி தெரியாம எடுத்துட்டு வந்துட்டான்."

அவ்வளவுதான். சிரித்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அவளும் திட்டியிருப்பாள்.

சாயங்காலம் கணவனைக் கேட்டாள். "ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"அண்ணன் கேட்டாரு. எனக்குப் பொய் சொல்ல வரலை."

நல்லவன்தான். அண்ணனிடம் பொய் சொல்ல வராது. ஊரானிடம் உண்மை சொல்லவும் வராது. இந்த மாதிரி நல்லவர்கள் மட்டும் இல்லாவிட்டால் உலகத்தில் எந்த அநியாயமும் ஒரு வாரம் தாங்காது.

வியாழக்கிழமை அவளே எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒப்பந்தத்துக்கு முன் புது ஹெலிகாப்டர் மாதிரியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேப்டன் சொல்லியிருந்தார். ஸ்ட்ரெச்சர் ஏற்றும் கதவை அவர்கள் நிஜ ஹெலிகாப்டரில் இடம் மாற்றிவிட்டார்களாம். மோதல் அளவுகளையும் அங்கேயே உட்கார்ந்து மாற்றித் தர வேண்டுமாம். பெரியவர் தலையைச் சொறிந்தார். பெட்டிகளை ஒன்றாக்க அவருக்குத் தெரியும். பிரிக்கத் தெரியாது. கை மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

"அவளை எதுக்குடா வெளிய கூட்டிட்டுப் போறே?" என்றாள் மாமியார்.

"வேலை முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுடறேம்மா," என்றார் பெரியவர், இரவல் வாங்கிய ஏணியைப் பற்றிப் பேசுவதுபோல.

காரில் அண்ணனும் தம்பியும் முன்னால், அவள் பின்னால். பெரியவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டா மட்டும் பதில் சொல்லு. ஆஸ்பத்திரிப் பேச்சே வரக்கூடாது."

"வந்தா?"

"வராது. வந்தா நான் பேசிக்கறேன்."

ஆஸ்பத்திரியின் மூலக் கோப்பை அவர் எடுத்துவரவில்லை. ஹெலிகாப்டரை மட்டும்தான் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். நிலையத்தில் இருப்பதோ பூட்டி முத்திரை வைத்த பிரதி. அதைத் திறந்து யாரும் கைவைக்க முடியாது. முற்றத்தைத் திறக்கும் சாவி அவளுடைய ஜன்னல் மறைந்த அறையில்தான் இருந்தது.

நிலையத்தில் இறங்கியதும் பாத்ரூம் போக வேண்டும் என்றாள். பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி கூடவே வந்து கதவுக்கு வெளியே நின்றுகொண்டான்.

உள்ளே ஒருத்தி பயிற்சிச் சீருடையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நடுவயது. கண்ணாடியைப் பார்த்துத் தனக்குள் முணுமுணுத்தாள்: "அங்க ஒண்ணுமே இல்ல. சத்தியமா ஒண்ணுமே இல்ல." அந்தக் குரல் சின்னவளுக்குத் தெரியும்.

"நாளைக்கு உங்களுக்குத்தானே தேர்வு?"

"ஆமா. நீங்க யாரு?"

"அந்த ஆஸ்பத்திரியைச் செஞ்சது நான்."

நர்ஸ் குழாயை மூடினாள். "அப்ப உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். செருப்பால அடிக்கவா, கும்பிடவா?"

"முதல்ல கேளுங்க. அப்புறம் எது தோணுதோ செய்யுங்க. முற்றத்து மேல ஒரு மூடி இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. லிஃப்ட் ரூம் உச்சிக்குச் சமமா, சட்டிக்கு மூடி போட்ட மாதிரி."

நர்ஸ் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். "அப்ப நான் பைத்தியம் இல்ல."

"இல்ல."

"வீட்ல எம் பொண்ணுகூட, 'விடும்மா, உனக்கு இது வராது'ன்னு சொல்லிட்டா." ஈரக்கையால் முகத்தை மறுபடி துடைத்தாள். "சரி. நான் போய்ச் சொன்னா கேப்டன் நம்புவாரா? கூடம் கோணல்னு ஒரு பழமொழியைத் தூக்கிப் போட்டுடுவாரு."

"சொல்லாதீங்க. ஓட்டிக் காட்டுங்க. இன்னைக்கே, எங்க ஆளுங்க இருக்கும்போதே. வழக்கமா இறங்கற வேகத்துல இறங்கினா இடிச்சதாத்தான் காட்டும். காலடிக் கண்ணாடியில பாருங்க. லிஃப்ட் ரூம் கூரை உங்க மிதிக்கு நேரா வந்ததும் இறங்கறது தெரியாம இறக்குங்க. தூங்கற குழந்தையைக் கட்டில்ல விடுவீங்களே, அப்படி."

"விட்டா?"

"நிக்கும். மெல்லத் தொட்டா கம்ப்யூட்டருக்கு அது தரைதான்."

வெளியே இருமல் கேட்டது. "ஆச்சா? அண்ணன் கூப்பிடறாரு."

"யாரு அது?" என்றாள் நர்ஸ்.

"எங்க வீட்டுக்காரர்."

"காவலா?"

"காவல்னு அவருக்குத் தெரியாது."

சிமுலேட்டர் அறையில் கேப்டன் இருந்தார், சுவரோரம் நாலைந்து பயிற்சிக்காரர்கள் இருந்தார்கள். சின்னவள் ஸ்ட்ரெச்சர் கதவின் அளவுகளை மாற்றினாள். பெரியவர் தோளோடு தோள் உரசுமளவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் ஓட்டிப் பார்த்தார், திருப்தி என்றார். பெரியவர் பையிலிருந்து ஒப்பந்தத் தாள்களை எடுத்தபோது கதவருகே நர்ஸ் வந்து நின்றாள்.

"சார், ஒரு தடவை ஓட்டட்டுமா?"

"உனக்கு நாளைக்குத்தானேம்மா?"

"செஞ்சவங்க வந்திருக்காங்களே. அவங்க முன்னாலேயே இடிச்சுக் காட்டிடறேன். அப்புறம் நீங்க என்னை அனுப்பினாலும் சந்தோஷமாப் போறேன்."

"அவங்களுக்கு எதுக்கு சார் வீண் சிரமம்…" என்று பெரியவர் குறுக்கே விழுந்தார்.

கேப்டனுக்கு வேடிக்கை பிடிக்கும். "வாம்மா. கூடம் கோணலான்னு எல்லாரும் சேர்ந்தே பாத்துடலாம்."

நர்ஸ் ஏறி உட்கார்ந்தாள். திரையில் 'ப' வடிவக் கட்டடம் நெருங்கிவந்தது. முற்றத்துக்கு நேர் மேலே நிறுத்தினாள். பிறகு அவள் கை என்ன செய்கிறது என்பதே தெரியவில்லை. காலடிக் கண்ணாடியில் லிஃப்ட் அறையின் கூரை மெல்ல ஏறிவந்தது. இம்மி வேகம் கூடினாலும் திரை சிவக்கும்; அதோடு எல்லாம் முடிந்தது.

சிவக்கவில்லை. நாற்காலி லேசாக ஒரு குலுங்கு குலுங்கியது; தரை தட்டிய குலுக்கல். நர்ஸ் விசையைத் தணித்தாள். விசிறியின் சத்தம் இறங்கியது. இரண்டு கைகளையும் விட்டுவிட்டுத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள்.

"இறங்கிட்டேன் சார்."

ஹெலிகாப்டர் ஆகாயத்தில் நின்றது. மூன்று மாடிக்குக் கீழே, வெள்ளை வட்டத்தின் நடுவில், அதன் நிழல் மட்டும் ஒழுங்காக இறங்கிக் கிடந்தது.

சுவரோரம் இருந்த ஒருவன்தான் முதலில் வாய் திறந்தான். "சார், நோயாளியை எப்படிக் கீழ இறக்கறது? கயிறு கட்டியா?"

சிரிப்பு வெடித்தது. கேப்டன் சிரிக்கவில்லை. நர்ஸை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். கொஞ்சம் மேலே தூக்கி மறுபடி இறக்கினார். அவருக்கும் நின்றது. திரும்பிப் பெரியவரைப் பார்த்தார். "என்னய்யா இது?"

பெரியவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். "மன்னிக்கணும் சார். எங்க வீட்டுப் பொண்ணுதான். பாவம், சின்னப் பிள்ளை. வீட்டு வேலைக்கும் நடுவுல செய்யறா, அவசரத்துல கவனம் தப்பிப்போச்சு. நான் கண்டிச்சு வைக்கிறேன்." தம்பி தன் ஷூ நுனியைப் படித்துக்கொண்டிருந்தான்.

"அத்தான்," என்றாள் சின்னவள். அந்த அறைக்குத் தேவையானதைவிடக் குரல் உயர்ந்துதான் வந்தது. "முப்பத்தேழு பெட்டி நான் வச்சது. இந்த ஒண்ணு நீங்க வச்சது. பதினோரு மணிக்குள்ள குடுக்கணும்னு வச்சீங்க. தெரிஞ்சே விட்டீங்க."

அவள் கேப்டனைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"யாரு வச்சதுங்கறது உங்க குடும்ப விவகாரம். வீட்ல பேசித் தீத்துக்குங்க. எனக்கு முற்றம் வேணும். அது வந்தப்புறம்தான் கையெழுத்து, தேர்வும் அப்புறம்தான். முந்தின ரெண்டும் கணக்குல இல்ல." பிறகு நர்ஸின் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் ஓட்டறே," என்றார், தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல. ஊசி போடும் கையைப் பற்றிச் சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய மனிதர்கள் தவறைத் திருத்திக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ள மட்டும் மாட்டார்கள்.

நடைபாதையில் நர்ஸ் ஓடிவந்து, "உங்க நம்பர் குடுங்க," என்றாள். சின்னவளுக்கு மனப்பாடமாக இருந்தது ஒரே நம்பர், மாமியாரின் இடுப்பில் இருக்கும் தன் போனுடையது. அதைச் சொன்னாள். நர்ஸ் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

நிலையத்தின் பெரிய கதவு திறந்தே கிடந்தது. வெளியே சாலை, சாலையில் பஸ்கள் நின்று போய்க்கொண்டிருந்தன. போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மைதான். ஆனால் அவள் போனால், அந்த ஆஸ்பத்திரி மாதிரியில் நான்கு பெட்டியையும் சரிபார்த்து முத்திரை வைத்துத் தர வேறு ஆள் கிடையாது. மூலக் கோப்பு வீட்டில் அவள் அறையில் இருந்தது. முற்றம் மூடியே இருக்கும். நர்ஸ் அந்தரத்திலேயே நிற்பாள். பெரியவர் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி காத்திருந்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. அவள் எங்கும் போக மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏன் போக மாட்டாள் என்பதும் தெரிந்திருந்தது. அவள் தானாகவே ஏறி உட்கார்ந்தாள்.

வீட்டில் யாரும் ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் தச்சர் வந்து அவள் அறைக் கதவைக் கழற்றி மாடிக்கு எடுத்துப் போனார். "காத்து வரட்டும்," என்றார் பெரியவர். எதிர் அறையில் மாமியாரின் கட்டில் இவள் முதுகைப் பார்க்கும்படி திரும்பியது. பெரியவர் முதல்முறையாக அவளுக்கு மேஜைக்கடியில் ஒரு மின்விசிறியும் வாங்கிப் போட்டார். கணவன் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றான். "சொன்னேனே," என்றாள். அவன் யோசித்துப் பார்த்து, "ஆமா," என்றான். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

நான்கு பெட்டிகளையும் அவள் மூன்று முறை சரிபார்த்தாள். வெள்ளை வட்டத்துக்கு மேலே, தரையிலிருந்து வானம் வரைக்கும், ஒன்றுமே இல்லை என்று உறுதியானதும் முத்திரை வைத்து மாடிக்குக் கொடுத்தாள். பெரியவர் அன்றே கொண்டுபோய்க் கொடுத்தார். ஒப்பந்தம் வேண்டுமே. அன்று நேரம் எப்படி இருந்தது என்று ஜோசியரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கையெழுத்தும் ஆனது. அதோடு, பழைய மாதிரிகளையெல்லாம் மறுபடி பார்த்துத் தர வேண்டும் என்ற வேலையும் வந்தது. ஒரு வருஷத்துக்குக் குறையாத வேலை. எல்லாம் அவள் மேஜைக்கு.

அதற்குப் பிறகு நர்ஸைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. தேர்வுப் பதிவுகள் இப்போது கீழே வருவதில்லை; பெரியவர் மாடியிலேயே வைத்துக்கொண்டார். தேர்வு நடந்ததா, நடக்கவில்லையா, யாரைக் கேட்பது? சின்னவள் ஒரு விமான நிலையத்து விளக்குக் கம்பங்களுக்கு அளவு வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கம்பம் முடியும்போதும் நர்ஸின் கை ஞாபகம் வந்தது. நல்ல கைதான். ஆனால் கடைசி நேரத்தில் பயந்துவிட்டால்? இரண்டு முறை ஒன்றுமில்லாத இடத்தில் செத்தவளுக்கு, மூன்றாம் முறை அந்த உயரம் வரும்போது கை உறைந்துபோகாதா?

ஒரு மத்தியானம் மாமியார் கதவில்லாத நிலைப்படியில் வந்து நின்றாள்.

"யாரோ ஒருத்தி போன் பண்ணினா. உன்னைக் கேட்டா. வேலையா இருக்கான்னு சொல்லி வச்சுட்டேன்."

சின்னவள் நாற்காலியோடு திரும்பினாள். "என்ன அத்தை சொன்னாங்க?"

"என்னமோ இறங்கிட்டாளாம். உன்கிட்ட சொல்லணுமாம். அழறாளா சிரிக்கறாளான்னே தெரியலை. இறங்கினதுக்கெல்லாம் ஒரு போனா?"

"தரையிலயா அத்தை?"

"தரையில இறங்காம அந்தரத்துலயா இறங்குவாங்க? கேக்கறா பாரு கேள்வி!"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, விக்கி விக்கிச் சிரித்தாள். மாமியார் இரண்டடி பின்னால் போனாள்.

மாடியிலிருந்து பெரியவரின் குரல் கேட்டது. "யாரும்மா அங்க சிரிக்கறது?"

"சின்னவதான். வேற யாரு?"

"என்னவாம்?"

"யாரோ இறங்கிட்டாளாம்டா."

மேலே நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு படியில் செருப்புச் சத்தம் இறங்கிவரத் தொடங்கியது. சின்னவள் சிரிப்பை நிறுத்தவில்லை.